பேஜார் என்று ஒரு காரணம்

சனிக்கிழமை காலையில் மச்சினன் நசுருதீன் வல்லத்திலிருந்து சைக்கிளில் வந்து, தையல் கடை வாசலில் ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றபோதே ஏதோ சரியில்லை என்று சர்தாருக்குத் தெரிந்துவிட்டது. நசுருதீன் வந்தால் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "மச்சான், டீ சொல்லு" என்று பெஞ்சில் சாய்கிறவன். அன்றைக்கு இறங்கவே இல்லை.

"அக்கா ஜமாத்துல எழுதிக் குடுத்துட்டுச்சு மச்சான். குலா கேக்குது."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றுபோனது. குலா என்றால் பெண்ணாகப் பார்த்து, இந்தக் கல்யாணம் போதும், என்னை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கேட்பது. சர்தாருக்கு விவரம் தெரிந்து செஞ்சியில் இரண்டே பேர்தான் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் புருஷன் கொழும்புக்குப் போய்ப் பதினோரு வருஷமாகத் திரும்பவில்லை. இன்னொருத்தியின் புருஷன் அவள் கையை உடைத்துவிட்டிருந்தான்.

"இன்னா காரணம் எழுதியிருக்குது?"

"ஒரே வார்த்தைதான். பேஜார்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? அவ்ளோதான். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அப்பால முத்தவல்லி ஊட்ல வெச்சுப் பேசுவாங்க. நான் தகவல் சொல்லிட்டேன். இனிமே நீயாச்சு, அக்காவாச்சு."

நசுருதீன் போய்விட்டான். சர்தார் மிஷினிலிருந்து எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சட்டைத் துணியில் ஊசி குத்தியபடியே நின்றது.

பேஜார். அந்த வருஷம் செஞ்சிக் கடைத்தெருவில் அந்த வார்த்தையை மிதிக்காமல் நடக்க முடியாது. திண்டிவனம் பஸ் தாமதமானால் பேஜார். கரண்டு போனால் பேஜார். ரேஷன் கடையில் தன் முறை வரும்போது பார்த்து அரிசி தீர்ந்தால் பேஜார். செருப்பு வார் அறுந்தால், பொண்டாட்டியின் தம்பி வந்து பத்து நாள் தங்கினால், படம் பார்க்கும்போது ரீல் அறுந்தால், எல்லாம் பேஜார். காசில்லாமல் கிடைக்கிற சரக்கு என்பதால் ஆளாளுக்கு அள்ளி இறைத்தார்கள். அப்படிப்பட்ட உருப்படாத வார்த்தை ஒன்றைப் பொறுக்கியெடுத்து ஒன்பது வருஷக் குடித்தனத்தை அறுத்துவிடலாம் என்று நினைக்கிறாளே இவள் என்று சர்தாருக்குக் கோபம்கூட வரவில்லை, திகைப்புத்தான் வந்தது.

ஏனென்றால் சர்தார் நல்லவன். இதைச் சர்தாரே சொல்லிக்கொள்ளவில்லை, ஊரே சொல்லும். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், கை நீட்ட மாட்டான். பொண்டாட்டி மெஹர் பானுவை அவன் ஒருமுறைகூட அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. தொழிலில் கேட்கவே வேண்டாம். சர்தார் தைத்த டிராயர் பையனுக்குச் சின்னதாகும், தம்பிக்குப் போகும், தம்பிக்கும் சின்னதாகும், ஆனால் தையல் மட்டும் விடாது. எந்தத் தையலையும் அவன் இரண்டு தடவை ஓட்டுவான். மற்றவன் போட்ட தையலைக் கண்டால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பான். காஜா எடுக்க வைத்த ஆட்கள் மூன்று பேரும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்கள் எடுத்த காஜாவை அவர்கள் கண்ணெதிரிலேயே பிரித்து மறுபடி எடுத்தால் எவன் இருப்பான்? சர்தாருக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை சுத்தமாக இருந்தால் போதும்.

அந்தச் சுத்தத்தைக் கடையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மெஹர் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால், இவன் எழுந்துபோய் அதை நீக்கிவிட்டு மறுபடி போடுவான். அவள் பாயை விரித்தால் இவன் ஒரு முனையைப் பிடித்து உதறி விரிப்பான். மகள் முன்னிக்கு அவள் சடை பின்னி முடித்ததும், "இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டு அவிழ்த்துப் பின்னுவான். அடுப்பிலிருந்து குழம்பை இறக்கியதும் ருசிகூடப் பார்க்காமல் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துச் சட்டியில் போட்டு ஒரு கலக்குக் கலக்குவான். கல்யாணமான புதிதில் குழம்பு கரிக்கும். "உப்பு ஜாஸ்தி மெஹரு" என்பான். ஒரு மாசத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அவளுக்குக் கை திருந்திவிட்டது என்று தன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

இதில் குற்றம் எங்கே இருக்கிறது? அவளுக்கு உதவிதானே செய்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது மெஹர் எப்போதும்போல் தட்டு வைத்தாள். முகத்தில் அழுகை இல்லை, சண்டைக்கான அடையாளமும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"மெஹரு, நசுரு வந்தான்."

"தெரியும்."

"பேஜார்னு எழுதியிருக்கியாமே. அப்டின்னா இன்னா?"

அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதாங்க?" என்றாள். கரண்டியைச் சோற்றுப் பானைக்குள் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். சர்தார் கரண்டியை எடுத்துப் பானைக்கு மேலே குறுக்காக வைத்தான். உள்ளே வைத்தால் பிடி சுடும்.

தெரியாது என்பதுதான் அவனுக்குக் குடைச்சலாகப் போனது. நூலில் சிக்கு விழுந்தால் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்தால் பிரித்துவிடலாம். இந்த வார்த்தைக்கு நுனி கிடைக்கவில்லை. அளவு எழுதுகிற நோட்டை எடுத்து, யாரோ ஒருவருடைய மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டுக்குக் கீழே 'பேஜார்' என்று எழுதி ஒரு கோடு போட்டான். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு எதிரே அர்த்தம் எழுதிவிட வேண்டும். காரணம் என்னவென்று தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம். அவன் சரிசெய்யாதது எது?

அன்றிலிருந்து அவன் கடையில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. திருவண்ணாமலை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நிற்பான், கிடங்கல் தெருப்பக்கம் நடப்பான், ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா ஒரு நாழிகை நிற்பான், மறுபடி கடைக்கு வந்து கத்தரியை எடுப்பான், வைப்பான். பக்ரீதுக்குத் துணி கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கண்டக்டர் ராஜாங்கத்திடம் கேட்டான். நாளைக்கு ஐம்பது தடவை அந்த வார்த்தையைச் சொல்கிற ஆள்.

"பேஜாருக்கு அர்த்தமா? இன்னா பாய், விளையாடறியா? மேல்மலையனூர் அமாவாசைக்கு இந்த பஸ்ல வந்து பாரு. படிக்கட்டுல பதினெட்டு பேர். அதான் பேஜாரு."

"அது கஷ்டம் இல்லியா?"

"கஷ்டம்னா வேற பாய். கஷ்டம்னா ஊட்ல சாவு விழறது. இது அந்த மாதிரி இல்ல. பெரிசா ஒண்ணும் நடக்காது, ஆனா டெய்லி நடக்கும்." ராஜாங்கம் விசிலை ஊதிவிட்டுப் படியில் தொற்றிக்கொண்டான். சர்தார் நோட்டில் எழுதினான்: டெய்லி நடக்கும்.

பக்கத்துக் கடை பிலவேந்திரனுடையது. வாடகைச் சைக்கிள் விடுகிறவன், பஞ்சர் ஒட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பூசையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவன். இரண்டு நாளாக சர்தார் படுகிற பாட்டை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். திங்கட்கிழமை சர்தார் வந்து கேட்டதும், தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்தபடி சொன்னான்:

"நெஜமா சொல்லட்டா பாய்? கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுப்பா."

"நான் ஒரு வண்டிக்குக் காத்தடிச்சு நிறுத்துவன். நீ உன் கடையிலேர்ந்து எழுந்து வருவ. டயரை ஒரு அமுக்கு அமுக்குவ. பம்பை எடுத்து இன்னும் ரெண்டு அடி அடிச்சுட்டு ஒண்ணுமே பேசாம போய்க் குந்திப்ப. எட்டு வருஷமா. எனக்கு பேஜார்னா அது பாய்."

சர்தார் சிரித்தான். "அது காத்து கம்மியா இருந்துச்சு பிலவேந்திரா."

"இருந்திருக்கும், நான் இல்லேன்னு சொல்லலியே" என்றான் பிலவேந்திரன். டியூபில் குமிழி வந்த இடத்தைக் கட்டை விரலால் அடைத்தான். "எங்கூட்டு ராயம்மாகூட ஒரு தடவை சொல்லிச்சு. சர்தாரு பாய் ஊட்ல அது எப்டித்தான் குடும்பம் பண்ணுதோன்னு."

இதைச் சர்தார் நோட்டில் எழுதவில்லை. அது பிலவேந்திரனின் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டான். போகிற போக்கில், நிறுத்தியிருந்த சைக்கிளின் முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான்.

புதன்கிழமை ஜான் பாஷாவின் விறகுத் தொட்டிக்குப் போனான். ஜான் பாஷா சர்தாரோடு மதரஸாவில் ஒன்றாக ஓதியவன். இப்போது விறகு எடைபோடுகிற நேரம் போக, ஜமாத்தின் தீர்மான நோட்டை எழுதுவதும் அவன்தான். உருது தெரியும், பார்சி என்கிற பாரசீக மொழியும் கொஞ்சம் தெரியும், தலைகாணி தடிமனுக்கு ஒரு அகராதி வைத்திருந்தான். மெஹர் கொடுத்த மனு அவனுடைய கையில்தான் இருந்தது. அதனால் அவனுக்கு சர்தாரின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடம்.

"ஜானு, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் சொல்லு. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

வார்த்தை என்றதும் ஜான் பாஷாவுக்குச் சங்கடம் மறந்துபோனது. கையில் ஒட்டிய மரப்பட்டையைத் தட்டிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.

"நம்ம ஆளுங்க சொல்றாப்பல பேஜார் இல்ல அது. பேஸார். பார்சி வார்த்தை. பார்சியிலேர்ந்து உருதுக்கு வந்து, உருதுலேர்ந்து தெருவுக்கு வந்துட்டுது. தெருவுக்கு வந்தா எதுதான் மதிப்பா இருக்கும்?"

"அர்த்தம் இன்னா?"

"வெறுத்துப் போறது. அடிக்கிற வெறுப்பு, திட்டற வெறுப்பு இல்ல. அலுத்துப்போய், மனசு கழண்டு, இதுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லேன்னு விலகிடறது. கோவம்னா ஆறிடும் சர்தாரு. இது ஆறாது, ஏன்னா இதுல சூடே இல்ல." ஜான் பாஷா புத்தகத்தை மூடினான். பிறகு மலைக்கோட்டைப் பக்கம் கையைக் காட்டினான். "எனக்கு இன்னா தோணுதுன்னா, நவாப் காலத்துல அங்க மேல சிப்பாய்ங்க குந்திகினு இருந்தானுங்க பாரு. சண்டையும் வராது, எறங்கவும் விடமாட்டாங்க. காலையில ஒருத்தன் வந்து எண்ணுவான், சாயந்திரம் ஒருத்தன் வந்து எண்ணுவான். அந்தச் சிப்பாய்தான் மொதல்ல இந்த வார்த்தையைக் கீழ எறக்கியிருப்பான்."

"நெஜமாவா?"

"யாருக்குத் தெரியும்? நான் இன்னா அங்க குந்திகினு இருந்தனா?"

சர்தார் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதியதைத் திரும்ப ஒருமுறை பார்த்து, ஓர் எழுத்தை அழித்து எழுதினான். ஐந்து நாளில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு இலகுவாக வந்தது. ஏனென்றால் அவன் மனசில் ஒரு கணக்குப் போட்டுவிட்டான். பேஸார் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை! மெஹருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் கேட்டதைக் கொண்டுவந்து எழுதிவிட்டாள். சபையில் அர்த்தத்தை எடுத்துச் சொன்னால், ஐயோ நான் அப்படி நினைக்கவில்லை என்று பின்வாங்கிவிடுவாள். தப்பான இடத்தில் போட்ட தையல், பிரித்துவிடலாம். பாவம், அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் முன்னி சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. ஓர் 'அ' எழுதுவாள், திரும்பி அத்தாவைப் பார்ப்பாள். சர்தார் போய்ச் சுழியை அழித்து வட்டமாகப் போட்டுத் தருவான். அடுத்து ஒரு 'ஆ' எழுதுவாள், திரும்பிப் பார்ப்பாள். ஒருமுறை அவன் வெளியே யாருடனோ பேசிக்கொண்டு நின்றான். குழந்தை பலப்பத்தைக் கையில் பிடித்தபடி, அடுத்த எழுத்துக்குப் போகாமல், கழுத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மெஹர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். "எழுதும்மா, நல்லாத்தானே இருக்குது" என்றாள். முன்னி, "அத்தா இன்னும் பாக்கலியே" என்றாள்.

சர்தார் உள்ளே வந்து பார்த்தான். "எவ்ளோ பொறுப்பு பாத்தியா மெஹரு" என்றான். மெஹர் கொடியில் கிடந்த தன் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சர்தார் விடிந்ததுமே குளித்துக் கடைக்குப் போய்விட்டான். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டில் இருந்ததை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தான். ஜும்மா தொழுகையில்கூட மனம் நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி ஹாஜியார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஏழெட்டுப் பெரியவர்கள், ஓரத்தில் ஜான் பாஷா தீர்மான நோட்டும் பேனாவுமாக, எதிரே சர்தார், சுவரோரம் நசுருதீன். உள்வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் மெஹர் உட்கார்ந்திருந்தாள், கூட முத்தவல்லி வீட்டுப் பெண்கள். அந்தத் திரையைத் தைத்தவன் சர்தார்தான். இரண்டு தையல்.

இந்த ஜமாத்தில் ஒரு வழக்கம் உண்டு. குலா கேட்கிற பெண்ணை மூன்று தடவை கேட்பார்கள். அண்ணன் தம்பியோ அத்தாவோ அவளுக்காகப் பேசக் கூடாது, அவள் குரல் வெளியே வரவேண்டும். மூன்று தடவையும் அவள் அதையே சொல்லி, புருஷனும் ஒத்துக்கொண்டால் நோட்டில் ஏறிவிடும். நடுவில் ஒரு தடவை தயங்கினாலும் போதும், பெரியவர்கள் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்தார் நம்பியிருந்ததும் அந்தத் தயக்கத்தைத்தான்.

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெஹர் பானும்மா. மொதல் தடவை கேக்கறன். இன்னா காரணத்துக்காகப் பிரியணும்னு சொல்ற?"

"பேஜாரா இருக்குதுங்க" என்றது திரை.

பெரியவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "எனக்கும்தான்மா முப்பது வருஷமா பேஜாரா இருக்குது, நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றார். ஹாஜியார் கையமர்த்தினார். அவருக்கும் சிரிப்பு வந்திருந்தது.

"அடிச்சானா?"

"இல்லீங்க."

"சோறு போடலியா? வேற தொடுப்பு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லீங்க. அவங்க நல்லவங்க."

"பின்ன? பேஜாருன்னா நாங்க இன்னான்னு எழுதறது? ரெண்டாவது தடவை கேக்கறன். அது இன்னான்னு வௌக்கமா சொல்லு."

திரைக்குப் பின்னால் மெஹர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் தினம் நடந்ததைச் சபையில் சொன்னால் எல்லாம் ஒன்றுமில்லாததாகத்தானே கேட்கும்? தாழ்ப்பாள், பாய், சடை என்று சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். "காலையில எழுந்தா..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். "நான் ஒண்ணு செஞ்சா..." என்றாள்.

சர்தாரால் பொறுக்க முடியவில்லை.

"ஹாஜியார், அதுக்குச் சொல்லத் தெரியல. நான் சொல்றன்." எழுந்தே நின்றுவிட்டான். "மொதல்ல அது பேஜாரு இல்ல, பேஸார். பார்சி வார்த்தை. வேணும்னா ஜானைக் கேளுங்க. ஜனங்க பஸ்ஸு வரலன்னாலும் சொல்றாங்க, செருப்பு அறுந்தாலும் சொல்றாங்க, அதெல்லாம் தப்பு. பேஸார்னா அலுத்து, மனசு கழண்டு போறது. இதுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லேன்னு விலகிடறது. கோவம் இல்ல. கோவமா இருந்தா ஆறிடும். இதுல சூடே கெடையாது. பெரிசா ஒண்ணும் நடந்திருக்காது, ஆனா தெனம் நடந்திருக்கும். எவ்ளோ பெரிய வார்த்தை பாருங்க. இதுக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாது ஹாஜியார். தெரியாம எழுதிட்டுது. நீங்க அதை..."

அவன் பேச்சு நடுவிலேயே தேய்ந்தது. அர்த்தத்தை முழுக்க, ஒரு பிசிறில்லாமல் சொல்லிவிட்டான், ஆனால் யாரும் அவன் நினைத்தபடி தலையாட்டவில்லை. சிரித்த பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தார். நசுருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜான் பாஷா பேனாவை மூடியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஜியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மெஹர் பானும்மா. மூணாவது தடவை..."

"மூணாவது தடவையும் அவங்களையே கேட்டுக்குங்க" என்றாள் மெஹர்.

அழுகை இல்லை, கேலிகூட இல்லை. அந்தக் குரலில் சூடே இல்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததை சர்தார் அப்போதுதான் காதால் கேட்டான். தாழ்ப்பாள், பாய், சடை, பிலவேந்திரனின் டயர், முன்னியின் திரும்பிய கழுத்து எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. உட்காரவேண்டும் என்று தோன்றியது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

"நீ இன்னா சொல்ற சர்தாரு?" என்றார் ஹாஜியார். "நீயும் ஒத்துக்கிட்டாத்தான்."

"எழுதிக்கச் சொல்லுங்க" என்றான். ஜான் பாஷா காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தையை எழுதினான். தெருவில் சொல்கிறபடியேதான் எழுதினான். சர்தார் அதைப் பார்த்தான், திருத்தச் சொல்லவில்லை.

சாயங்காலம் வல்லத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு அவர்கள் நின்றார்கள். மெஹர், முன்னி, நசுருதீன், ஒரு டிரங்குப் பெட்டி, பழைய புடவையில் கட்டிய ஒரு துணி மூட்டை. சர்தார் வழியனுப்ப வந்தது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் வராமல் இருக்க அவனால் முடியவில்லை. ராஜாங்கம் மூட்டையை மேலே போடக் கை நீட்டினான். சர்தார் அதைத் தூக்கினான், தூக்கும்போதே அவன் விரல்கள் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டிருந்தன. கட்டி முடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நிமிர்ந்தான். மெஹர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசர அவசரமாக அவிழ்த்தான். அவள் கட்டியிருந்தபடியே கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று புடவையின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்தான். அது எப்படி இருந்தது? இரட்டை முடிச்சா, சுருக்கா, இந்த முனை மேலே வந்ததா, அந்த முனையா? ஒன்பது வருஷமாக எத்தனையோ முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறான், ஒன்றையும் பார்த்ததில்லை. முனைகளைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"குடுங்க" என்றாள் மெஹர். வாங்கி, தன் போக்கில் ஒரு முடிச்சுப் போட்டாள். பஸ் கிளம்பும்போது முன்னி ஜன்னலில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவனையே பார்த்தாள். போ, போ என்று அவன் கையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. பசி இல்லை, ஆனால் உட்காரவும் முடியவில்லை. உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான். அடுப்பின்மேல் குழம்புச் சட்டி மூடியிருந்தது. காலையில் ஜமாத்துக்குப் புறப்படுமுன் அவள் ஆக்கி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. பக்கத்தில் களி உருண்டை, ஒரு தட்டு, ஒரு செம்புத் தண்ணீர். மூடியைத் திறந்ததும் அவன் கை தானாக மாடத்திலிருந்த உப்பு ஜாடிக்குள் போனது.

கையை வெளியே எடுத்தான். விரலில் ஒட்டியிருந்த உப்பை வேட்டியில் துடைத்தான். தட்டில் களியைப் போட்டு, குழம்பை அப்படியே ஊற்றி, ஒரு வாய் எடுத்து வைத்தான்.

உப்பு குறைவாக இருந்தது. ரொம்பவும் குறையவில்லை, ஒரே ஒரு சிட்டிகைதான். அவன் போடுகிற அந்தச் சிட்டிகை.

அவளுக்குக் கை திருந்தவில்லை. கல்யாணமான ஒரு மாசத்தில் அவனுடைய சிட்டிகைக்கு இடம் விட்டு உப்புப் போடப் பழகிக்கொண்டாள். ஒன்பது வருஷமும் அப்படித்தான் போட்டிருக்கிறாள். அவனை விட்டுப் போகிற இன்றைக்கும், கைப்பழக்கத்தில், அதே இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சர்தார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உப்புக் குறைந்த குழம்பைக் கடைசி வாய் வரைக்கும் அப்படியே தின்றான்.